வைப்பர் ஓடுகிறது, இண்டிகேட்டர் எரியவில்லை: ஒரு வேலையை மூளை எப்படிக் குறித்து வைக்கிறது?

சில கார்களில் இண்டிகேட்டர் தண்டு ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் இருக்கும், சிலவற்றில் வலப்பக்கம். எதிர்ப்பக்கத் தண்டு வைப்பருக்கு. ஒன்றில் பல வருடம் ஓட்டிப் பழகியவர் மற்றதில் ஏறி முதல் திருப்பத்துக்கு வரும்போது, காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கறகறவென்று ஓடும். தண்டு எந்தப் பக்கம் என்று அவரைக் கேட்டால் சரியாகச் சொல்வார். கைக்குத்தான் தெரியவில்லை. ஓரிரு நாளில் கையும் தெரிந்துகொள்ளும்.

கவனிக்க வேண்டியது அதற்கப்புறம் நடப்பதை. பழைய காருக்குத் திரும்பினால் மறுபடியும் வைப்பர் ஓடும். ஆனால் இந்த முறை இரண்டு நாள் ஆகாது, நாலைந்து திருப்பங்களில் சரியாகிவிடும். இரண்டு கார்களையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவருக்கு ஒரு கட்டத்துக்குமேல் பிழையே அபூர்வம். உட்கார்ந்து கதவைச் சாத்தும்போதே கை மாறிவிடுகிறது.

புதிய பழக்கம் பழையதை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தால் இப்படி நடக்காது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். மூளை இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது, ‘இப்போது எந்தக் காரில் இருக்கிறேன்’ என்பது தெரிந்ததும் அதற்குரியதை எடுக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

‘மூளைக்குள் பணி வரைபடம்’, ‘நடத்தையின் நியூரான் குறியீடு’ என்றெல்லாம் வருகிற அறிவியல் செய்திகள் இந்தச் சங்கதியைப் பற்றியவைதான். தலைப்புகள் மிரட்டும் அளவுக்கு விஷயம் கடினமில்லை. ஆனால் சில அடிப்படைகளைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும்.

1. ‘பணி அறிவு’ என்பது எது?

ஆய்வுக்கூடத்தில் ‘பணி’ என்ற சொல்லுக்குப் பொருள் எளிது. ஒரு நோக்கம் இருக்க வேண்டும், அதை அடையச் சில செயல்கள் இருக்க வேண்டும், எந்தச் செயல் எப்போது பலிக்கும் என்பதற்கு ஒரு விதி இருக்க வேண்டும். எலி நெம்புகோலை அழுத்தி இனிப்பு உருண்டை வாங்குவதும் பணி, மனிதர் சீட்டுகளைப் பிரித்து அடுக்குவதும் பணி. அதைச் செய்யத் தேவைப்படும் அறிவில் நான்கு பாகங்கள் உண்டு.

1. நிலைகள்: இந்த வேலையில் எத்தனை விதமான கட்டங்கள் உண்டு, இப்போது நிற்பது எதில்.
2. தொடர்ச்சி: இந்த நிலையில் இதைச் செய்தால் அடுத்து எந்த நிலைக்குப் போவோம்.
3. மதிப்பு: எந்த நிலை நல்லது, எது வேண்டாதது.
4. பொருட்படுத்த வேண்டியவை: கண்ணில் படுகிற ஆயிரம் விவரங்களில் எவை இந்த வேலைக்கு வேண்டும், எவற்றை விட்டுவிடலாம்.

செய்திகளில் அதிகம் அடிபடுவது மூன்றாவது. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள், வெகுமதி, இன்ப மையம் என்று எழுதினால் வாசகர்கள் படிக்கிறார்கள். உண்மையான முடிச்சு முதல் பாகத்தில் இருக்கிறது. அது தவறினால் மற்ற மூன்றும் வீண்.

நிலை என்பது கண்ணுக்குத் தெரியும் காட்சி இல்லை. கையில் சாவியோடு வீட்டு வாசலில் நிற்கிறீர்கள். வெளியே கிளம்பிப் பூட்டுவதற்காக நிற்கலாம், திரும்பி வந்து திறப்பதற்காகவும் நிற்கலாம். கதவு அதே, சாவி அதே, கண்ணில் விழும் படமும் ஏறக்குறைய அதே. சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்பது படத்தில் இல்லை. சற்றுமுன் என்ன நடந்தது என்ற நினைவையும் சேர்த்தால்தான் நிலை கிடைக்கும். இப்படி வெளியிலிருந்து நேராகப் பார்க்க முடியாதவற்றை ‘மறைந்த நிலைகள்’ என்கிறார்கள். அன்றாட வாழ்க்கையில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

இன்னொரு சொல்லையும் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு தகவல் மூளையின் ஒரு பகுதியில் ‘குறிக்கப்பட்டிருக்கிறது’ என்றால், அங்குள்ள நியூரான்களின் செயல்பாட்டை மட்டும் பார்த்து அந்தத் தகவலை வெளியிலிருந்து ஒருவர் ஊகித்துவிட முடியும் என்று பொருள். இது பாதிக் கதை. மூளையே அதைப் பயன்படுத்துகிறதா என்பது மீதிப் பாதி. அந்தக் குறிப்பு மங்கும்போது நடத்தையிலும் பிழை வருகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். இந்த இரண்டாவது பாதியைப் பல செய்திக் குறிப்புகள் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகின்றன.

2. பழக்கமா, வரைபடமா?

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் உளவியலில் கோலோச்சிய கருத்து இது: ஒரு தூண்டலைப் பார்த்தால் ஒரு செயல் வருகிறது, செயலுக்குப் பரிசு கிடைத்தால் அந்தப் பிணைப்பு இறுகுகிறது. அவ்வளவுதான் கற்றல். உள்ளே வரைபடம், திட்டம் என்று எதுவும் தேவையில்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டோல்மனும் ஹான்சிக்கும் 1930இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு இடைஞ்சலாக வந்து நின்றது. புதிர்ப்பாதையில் மூன்று கூட்டமாக எலிகளை விட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு முடிவில் எப்போதும் உணவு உண்டு. இன்னொன்றுக்குக் கிடையவே கிடையாது. மூன்றாவது கூட்டத்துக்கு முதல் 10 நாள் உணவில்லை, 11ஆம் நாளிலிருந்து உண்டு. அந்த மூன்றாவது கூட்டம் 10 நாளும் சும்மா அலைந்துகொண்டிருந்தது, முன்னேற்றம் பெரிதாக இல்லை. உணவைக் கண்ட மறுநாளே அதன் பிழைகள் தடாலென்று குறைந்து, ஆரம்பம் முதல் உணவு பெற்ற எலிகளின் அளவுக்கு வந்துவிட்டன. பரிசே இல்லாத அந்த நாட்களில் பாதையின் அமைப்பு உள்ளே ஏறியிருக்கிறது, பயன்படுத்தத்தான் காரணம் இல்லாமல் இருந்திருக்கிறது. ‘அறிவாற்றல் வரைபடம்’ என்ற பெயரை டோல்மன் 1948இல் பிரபலமாக்கினார்.

அதற்காகப் பழைய கட்சி முழுத் தோல்வி அடைந்துவிடவில்லை. 1981இல் ஆடம்ஸ், டிக்கின்சன் இருவரும் எலிகளை நெம்புகோல் அழுத்தி இனிப்பு உருண்டை பெறப் பழக்கினார்கள். பிறகு, நெம்புகோல் இல்லாத வேளையில், அந்த உருண்டையைத் தின்றால் வயிறு கலங்கும்படி செய்தார்கள். மறுபடி நெம்புகோலைக் காட்டியபோது எலிகள் அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. ‘அழுத்தினால் வருவது அந்த உருண்டை, அது இப்போது எனக்கு வேண்டாதது’ என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கின்றன. ஆனால் மிக நீண்ட காலம் பழக்கப்பட்ட எலிகள், பின்னர் நடந்த சோதனைகளில், வேண்டாத பொருளுக்காகவும் அழுத்திக்கொண்டே இருந்தன. வரைபடம் வேலை செய்யும் காலம் ஒன்று, அது பழக்கமாக உறைந்துபோகும் காலம் இன்னொன்று. வைப்பரை ஓடவிட்ட கை இந்த இரண்டாவது வகை.

3. ஒரு கணக்கு: இரண்டு கதவுகள்

1990களில் டோபமைன் நியூரான்களைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் தெளிவானது. குரங்குகளில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் பதிவு செய்த அளவீடுகளை வைத்து, 1997இல் ஷுல்ட்ஸ், டயான், மான்டேக் மூவரும் விளக்கியது இது: இந்த நியூரான்கள் பரிசை அறிவிப்பதில்லை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அறிவிக்கின்றன. எதிர்பாராமல் கிடைத்தால் துடிப்பு ஏறும், எதிர்பார்த்தது வராவிட்டால் இறங்கும், எதிர்பார்த்தபடி வந்தால் மாற்றமில்லை. ‘கணிப்புப் பிழை’ என்று இதற்குப் பெயர்.

சரி, இதை மட்டும் வைத்துக்கொண்டு மாறும் உலகில் பிழைக்க முடியுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

இரண்டு கதவுகள். இடது கதவு 80 சதவீதம் பரிசு தரும், வலது 20 சதவீதம். நன்றாகப் பழகிய பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டும் இடம் மாறுகின்றன.

முதல் ஆள் கணிப்புப் பிழையை மட்டும் நம்புகிறவர். இடது கதவுக்கு அவர் மனதில் உள்ள மதிப்பு 0.8, வலதுக்கு 0.2. ஒவ்வொரு ஏமாற்றத்துக்கும் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்கிறார்: 0.72, 0.65, 0.58 என்று இறங்குகிறது. வலது கதவின் 0.2க்குக் கீழே போக, இடைவிடாமல் 14 முறை ஏமாற வேண்டும். நடுவில் ஒன்றிரண்டு முறை பரிசு கிடைத்துவிட்டால் இன்னும் தாமதம்.

இரண்டாவது ஆளுக்கு ஒன்று கூடுதலாகத் தெரியும்: இந்த விளையாட்டில் ‘இடது நல்லது’, ‘வலது நல்லது’ என்று இரண்டே நிலைகள், எப்போதாவது ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். தாவியிருக்க வாய்ப்பு 20இல் 1 என்று வைத்துக்கொள்வோம், அதாவது 1க்கு 19. இடது கதவில் ஒரு ஏமாற்றம் பழைய நிலையில் 20 சதவீதம் நடக்கும், புதிய நிலையில் 80 சதவீதம். ஆகவே ஒவ்வொரு ஏமாற்றமும் தாவல் நடந்திருப்பதற்கான வாய்ப்பை நான்கு மடங்காக்குகிறது. ஒன்றுக்குப் பிறகு 4க்கு 19, இரண்டுக்குப் பிறகு 16க்கு 19, மூன்றாவதில் 64க்கு 19. தராசு சாய்ந்துவிட்டது. மூன்றே ஏமாற்றத்தில் அவர் வலது கதவுக்குப் போய்விடுவார்.

வலது கதவை அவர் இதற்கிடையில் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் அதன் மதிப்பு அவர் மனதில் ஏறிவிட்டது. நேரடி அனுபவமே இல்லாமல் ஒன்றின் மதிப்பு மாறுகிறது என்றால், உள்ளே நிலைகளின் வரைபடம் இருக்கிறது என்று பொருள். ஆய்வுக்கூடங்களில் தேடுவதும் இந்த அடையாளத்தைத்தான். மனிதர்கள், குரங்குகள், எலிகள் மூவரும் போதுமான பயிற்சிக்குப் பிறகு இரண்டாவது ஆளைப்போல நடந்துகொள்கிறார்கள்.

முதல் ஆளை முட்டாள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். உலகம் மெதுவாக நகரும்போது அவர் முறையே மலிவானது, உறுதியானது. மேலும், இரண்டாவது ஆளின் ‘20இல் 1’ என்ற எண் எங்கிருந்து வந்தது? அதையும் யாரோ கற்றாக வேண்டும். 2007இல் பெரன்ஸ் குழுவினர் மனிதர்களிடம் செய்த ஆய்வில், விதிகள் அடிக்கடி மாறும் சூழலில் மக்கள் புதிய தகவலுக்கு அதிக எடை தருவதும், நிலையான சூழலில் குறைத்துக்கொள்வதும் தெரிந்தது. சூழலின் இந்த நிலையாமையை முன்மூளையின் உட்பக்கத்தில் இருக்கும் ஆன்டீரியர் சிங்குலேட் என்ற பகுதி கண்காணிப்பதும் தெரிந்தது.

4. கண்ணுக்குத் தெரியாத நிலையைக் குறிப்பது எங்கே?

முன்மூளையில் அடிபட்டவர்களிடமிருந்துதான் முதல் துப்பு கிடைத்தது. 1948இல் உருவான விஸ்கான்சின் சீட்டுப் பிரிப்புச் சோதனையில் சீட்டுகளை நிறம், வடிவம், எண்ணிக்கை இவற்றில் ஏதோ ஒன்றின்படி அடுக்க வேண்டும். எதன்படி என்று சொல்ல மாட்டார்கள், சரி, தவறு என்று மட்டும் சொல்வார்கள். தொடர்ந்து 10 முறை சரியாக வைத்ததும் விதி சத்தமில்லாமல் மாறும். 1963இல் பிரெண்டா மில்னர் வெளியிட்ட முடிவுகளின்படி, முன்மூளையில் ஒரு பகுதி அகற்றப்பட்ட நோயாளிகள் பழைய விதியையே பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். ‘தவறு’ என்ற சொல் காதில் விழாமல் இல்லை. அந்தச் சொல்லை ‘விதி மாறிவிட்டது’ என்ற முடிவாக மாற்றத்தான் முடியவில்லை. இதைப் பிடிவாதம் என்று எழுதுவது பொருந்தாது என்பது என் கருத்து. எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைக் கணிக்கும் கருவி பழுதாகியிருக்கிறது.

குரங்குகளில் தனித்தனி நியூரான்களைப் பதிவு செய்த வாலிஸ், ஆண்டர்சன், மில்லர் மூவரும் 2001இல் ஒரு படி மேலே போனார்கள். இரண்டு படங்களை அடுத்தடுத்துக் காட்டுவார்கள். சில சுற்றுகளில் ‘இரண்டும் ஒன்றானால் பதில் சொல்’, சில சுற்றுகளில் ‘வேறானால் பதில் சொல்’. முன்மூளையில் சில நியூரான்கள் எந்தப் படம் வந்தாலும் கவலைப்படாமல், எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதையே பிரதிபலித்தன. விதியை அறிவித்த அடையாளம் ஒலியா, சுவையா, நிறமா என்பதும் அவற்றுக்குப் பொருட்டாக இல்லை.

மறைந்த நிலைகள் விஷயத்தில் கவனம் இப்போது குவிந்திருப்பது ஆர்பிட்டோஃப்ரன்டல் கார்டெக்ஸ் மீது. கண்குழிகளுக்கு நேர்மேலே, முன்மூளையின் அடித்தட்டில் இருக்கும் பகுதி அது. அங்கே சேதம் ஏற்பட்டால் இரண்டு கதவு மாதிரியான மாறுதல்கள் சிரமமாகின்றன. ஆனால் சாதாரணமாக ஒன்றைக் கற்பது பெரிதாகக் கெடுவதில்லை. நெடுங்காலம் இது புதிராகவே இருந்தது. உணர்ச்சி மையம், அடக்கும் மையம், மதிப்புக் கணக்குப் பிள்ளை என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். 2014இல் வில்சன், தக்காஹஷி, ஷோன்பாம், நீவ் நால்வரும் இவற்றை ஒரே கயிற்றில் கோத்தார்கள்: இந்தப் பகுதி வேலையின் நிலைகளுக்கான வரைபடம். நிலை கண்ணுக்குத் தெரியும்போது இது இல்லாமலும் சமாளிக்கலாம், மறைந்திருக்கும்போது முடியாது.

இரண்டே ஆண்டில், 2016இல், ஷுக்கும் நீவும் உள்ளிட்ட குழு இதை மனிதர்களிடம் சோதித்தது. பங்கேற்றவர்களுக்கு ஒரு முகமும் ஒரு வீடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த படங்கள் காட்டப்பட்டன. அவற்றில் ஒன்றைப் பார்த்து, இளையதா பழையதா என்று சொல்ல வேண்டும். வயது மாறும்போது, அடுத்து முகத்தைப் பார்ப்பதா வீட்டைப் பார்ப்பதா என்பதும் மாறும். ஆகவே சரியாகச் செய்ய, இப்போதைய வகை, இப்போதைய வயது, முந்தைய வகை, முந்தைய வயது நான்கும் தலையில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு விதம் என்பதால் மொத்தம் 16 நிலைகள். ரத்த ஓட்டத்தை வைத்து மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில், கண்ணுக்குத் தெரியாத அந்த விவரங்களை இந்தப் பகுதியின் செயல்பாட்டிலிருந்து படிக்க முடிந்தது. எவ்வளவு தெளிவாகப் படிக்க முடிந்தது என்பது அவர்கள் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்பதோடும், எப்போது தவறினார்கள் என்பதோடும் பொருந்தியது. முதல் பகுதியில் சொன்ன ‘இரண்டாவது பாதி’ இங்கே இருக்கிறது.

5. இடத்துக்கான கருவியைக் கருத்துக்கும் பயன்படுத்துவது

‘வரைபடம்’ என்ற சொல் வெறும் உவமைதானா? ஒரு பகுதியில் அப்படியல்ல. ஜான் ஓகீஃப் 1971இல் எலியின் ஹிப்போகாம்பஸில், அதாவது நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியில், இடச் செல்களைக் கண்டார். எலி அறையின் குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நியூரான்கள் அவை. 2005இல் மோசர் தம்பதியின் குழு பக்கத்துப் பகுதியில் கிரிட் செல்களைக் கண்டது. அவை தரை முழுவதும் சமபக்க முக்கோணங்கள் வரைந்ததுபோன்ற ஒழுங்கான புள்ளிகளில் துடிக்கும். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து எழுந்த கேள்விதான் நமக்கு முக்கியம். தரையே இல்லாத வேலைகளில் இதே செல்கள் என்ன செய்கின்றன? 2017இல் பிரின்ஸ்டனில் ஆரோனவ், நெவர்ஸ், டேங்க் மூவரும் எலிகளுக்கு ஜாய்ஸ்டிக் கொடுத்து ஓர் ஒலியின் சுருதியை மேலும் கீழும் நகர்த்தப் பழக்கினார்கள். எலி இருந்த இடத்திலேயே இருந்தது, நகர்ந்தது சுருதி மட்டும். வழக்கமாக இடங்களைக் குறிக்கும் பகுதியின் செல்கள் குறிப்பிட்ட சுருதிகளில் துடித்தன. அதற்கு முந்தைய ஆண்டு கான்ஸ்டன்டினெஸ்கு, ஓரைலி, பெரன்ஸ் மூவரும் மனிதர்களுக்குப் பறவைப் படங்களைக் காட்டி, கழுத்தின் நீளம், காலின் நீளம் இரண்டும் மாறிக்கொண்டே போவதைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பறவைகளின் அந்தக் கற்பனைவெளியில் ‘நகரும்போது’, கிரிட் செல்களுக்கே உரிய அறுகோணச் சாயல் கொண்ட சமிக்ஞை ஸ்கேனில் தெரிந்தது.

கொஞ்சம் நிதானம் தேவை. ஸ்கேன் தனி நியூரானைக் காட்டாது, மறைமுகச் சாயலைத்தான் காட்டும். மூளைக்குள் யாரோ தாளில் வரைந்த படம் தொங்குவதாக நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். வரைபடம் என்பதற்கு இங்கே பொருள், எது எதற்கு அடுத்தது, எங்கிருந்து எங்கே போகலாம் என்ற உறவுகள் நியூரான்களின் செயல்பாட்டில் காக்கப்படுகின்றன என்பதே.

அந்த வரைபடம் ஓய்விலும் ஓடுகிறது. எலி தூங்கும்போது, பகலில் ஒன்றாகத் துடித்த இடச் செல்கள் மறுபடி ஒன்றாகத் துடிப்பதை 1994இல் மாத்யூ வில்சனும் மெக்நாட்டனும் காட்டினார்கள். 2013இல் ஃபைஃபர், ஃபாஸ்டர் இருவரும் இன்னொன்றைப் பார்த்தார்கள்: விழித்திருக்கும் எலி கிளம்புவதற்கு முன்பே, போகப்போகும் பாதை அதன் இடச் செல்களில் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் ஓடி முடிகிறது.

6. எலும்புக்கூட்டைத் தனியே எடுப்பது

ஹாரி ஹார்லோ 1949இல் குரங்குகளிடம் காட்டிய ஒன்றுதான் இந்தத் துறையில் எனக்கு இன்றும் மிக அழகான சோதனையாகப் படுகிறது. இரண்டு பொருட்கள், ஒன்றின் அடியில் தின்பண்டம். சில முறைக்குப் பிறகு வேறு இரண்டு பொருட்கள். இப்படி முன்னூறுக்கும் மேற்பட்ட ஜோடிகள். ஆரம்பத்தில் ஒவ்வொரு ஜோடியையும் குரங்குகள் தட்டுத்தடுமாறிக் கற்றன. கடைசியில் முதல் முறை ஊகம், இரண்டாவது முறையே கிட்டத்தட்டத் தவறாமல் சரி. முதலாவதில் கிடைத்தால் அதையே எடு, கிடைக்காவிட்டால் மற்றதை எடு. எந்தப் பொருளும் முன்பு பார்த்ததில்லை, ஆனால் விளையாட்டின் எலும்புக்கூடு தெரிந்ததுதான்.

2024இல் எல்-காபி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்த எலும்புக்கூட்டை நியூரான்களில் தேடியது. ஒன்பது இடங்கள் கொண்ட சிறு களத்தில் சுண்டெலிகள் நான்கு இடங்களுக்கு வரிசையாகப் போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். நான்காவது முடிந்ததும் மறுபடி முதலாவது. புதிய பணி வரும்போதெல்லாம் இடங்கள் மாறும், ‘நான்கு, பிறகு வட்டம்’ என்ற அமைப்பு மட்டும் மாறாது. அனுபவம் பெற்ற சுண்டெலிகள் புதிய இடவரிசையில் நான்காவதிலிருந்து முதலாவதுக்கு, அந்த வழியை ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காமலே சரியாகத் திரும்பின. அவற்றின் முன்மூளை உட்பகுதியில் பல நியூரான்கள் ‘அடுத்த இலக்கை நோக்கி எவ்வளவு தூரம் வந்துவிட்டேன்’ என்பதைக் குறித்தன. இலக்கு அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், பாதி வழி என்றால் பாதி வழிச் செல் துடிக்கும். இடம் மாறும், பணி மாறும், இந்த முன்னேற்றக் கணக்கு அப்படியே வரும்.

எலும்புக்கூடு தயாராக இருந்தால் புதிய சதை வேகமாக ஒட்டிக்கொள்ளும். 2007இல் ட்ஸே, மோரிஸ் உள்ளிட்டோர், எந்தச் சுவைக்கு எந்த இடத்தில் உணவு என்று எலிகளுக்குப் பல வாரம் பழக்கினார்கள். அப்புறம் இரண்டு புதிய ஜோடிகளை ஒரே ஒரு முறை காட்டினார்கள், அதுவே போதுமானதாக இருந்தது. புதிய நினைவு ஹிப்போகாம்பஸைச் சாராமல் நிற்க வழக்கமாக வாரக்கணக்கில் ஆகும் என்று கருதப்பட்டது. இங்கே 48 மணி நேரத்துக்குள் அந்த நிலை வந்துவிட்டது.

7. ஒரு நியூரானுக்கு ஒரே வேலை இல்லை

இதுவரை ‘விதி நியூரான்’, ‘இடச் செல்’ என்று எழுதிவிட்டேன். வசதிக்காகத்தான். முன்மூளையில் பெரும்பாலானவை இவ்வளவு ஒழுக்கமானவை அல்ல. ஒரே நியூரான் ‘சிவப்பு, அதுவும் இந்த விதியின்போது, அதுவும் இரண்டாவது முறையாக வந்தால்’ என்று கலவையான நிபந்தனைகளுக்குத் துடிக்கும். 2013இல் ரிகோட்டி, ஃபூசி உள்ளிட்டோர் இந்தக் குழப்பமே ஒரு வசதி என்று காட்டினார்கள். பல நிபந்தனைகளைக் கலக்கும் நியூரான்கள் நிறைய இருந்தால், எந்தச் சேர்க்கைக்கும் தனி முத்திரை கிடைக்கும், எந்தப் புதிய விதியையும் அதிலிருந்து எளிதில் படித்துவிடலாம்.

ஆனால் முழுக்கக் கலந்தால் ஒற்றுமை தெரியாது. இரண்டு கார்களும் முற்றிலும் அந்நியமாக இருந்தால் பிரேக்கையும் மறுபடி கற்க வேண்டும். முழுக்கப் பொதுவாக இருந்தாலோ வைப்பர் ஓடும். பெர்னார்டி, ஃபூசி, சால்ஸ்மன் குழு 2020இல் குரங்குகளின் ஹிப்போகாம்பஸிலும் முன்மூளையிலும் கண்டது இந்த இரண்டுக்கும் நடுவிலான ஓர் அமைப்பு. அங்கே தனித்தனி முத்திரைகளும் இருந்தன, மறைந்த சூழல்போன்ற பொது அம்சங்கள் ஒரே திசையில் ஒழுங்காக அடுக்கியும் இருந்தன.

8. விளைவுகள்

1. வேலை தாவினால் நேரம் செலவாகும். 1995இல் ரோஜர்ஸ், மான்செல் இருவரும் அளந்தபோது, அடுத்து எந்த வேலை என்று முன்பே தெரிந்து, தயாராகப் போதிய நேரம் கொடுத்தாலும், தாவிய பிறகு வரும் முதல் பதிலில் ஒரு தாமதம் மிஞ்சியது. ஒரே நேரத்தில் பல வேலை என்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டணத்தைத்தான் திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள்.

2. இயந்திரங்கள் இதில்தான் சறுக்கின. செயற்கை நியூரான் வலைகளுக்கு ஒரு வேலையைக் கற்பித்து, பிறகு இன்னொன்றைக் கற்பித்தால் முதலாவது அழிந்துபோவதை 1989இலேயே மெக்லோஸ்கியும் கோஹனும் எழுதிவிட்டார்கள். ‘பேரழிவு மறதி’ என்று அதற்குப் பெயர். காரணம் எளிது: அந்த வலைக்கு ‘இது வேறு நிலை’ என்று பிரித்து வைக்கும் ஏற்பாடு இல்லை, எல்லாத் திருத்தமும் ஒரே எடைகளின்மேல், அதாவது இணைப்புகளின் வலிமையைக் குறிக்கும் எண்களின்மேல், விழுகிறது. வைப்பர் உதாரணத்தில், புதிய கார் பழைய காரை முற்றிலும் அழித்துவிடுகிற நிலைமை.

3. பயம் திரும்பி வருகிறது. மூன்றில் மிகவும் கனமானது இது. ஒரு மணியோசைக்குப் பிறகு அதிர்ச்சி வரும் என்று ஒரு விலங்கு கற்றுவிட்டது. பிறகு மணியை மட்டும் ஒலித்து, அதிர்ச்சி தராமல் விட்டால் பயம் தணிகிறது. ஆனால் சில நாள் கழித்து மணி ஒலித்தால் பயம் மறுபடி எழுகிறது. இப்படி அணைந்தது தானாகத் திரும்புவதைப் பாவ்லோவே தன் நாய்களிடம், உமிழ்நீர் விஷயத்தில், கவனித்திருந்தார். மார்க் பூட்டன் பல ஆண்டுகள் செய்த சோதனைகள் இன்னொன்றைச் சேர்த்தன: பயத்தைத் தணித்தது ஓர் அறையில், பிறகு மணி ஒலிப்பது வேறு அறையில் என்றால், பயம் உடனே திரும்பும்.

நிலைகளின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இதில் வியப்பு இல்லை. ‘மணி ஆபத்து’ என்ற நிலையை அந்த விலங்கு திருத்தவில்லை. அதிர்ச்சி சட்டென்று நின்றபோது, ‘இது வேறு கட்டம், இங்கே மணி பாதுகாப்பு’ என்று புதிதாக ஒரு நிலையைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டது. அறை மாறினால், நாள் கடந்தால், எந்த நிலை என்ற கேள்வி மறுபடி எழுகிறது, பழையது எடுக்கப்படுகிறது. பயத்துக்குச் சிகிச்சை தருபவர்கள் ஒரே அறையில் நிற்காமல் பல இடங்களில், பல சூழல்களில் பயிற்சி தருவதற்கு இது ஒரு காரணம்.

2013இல் கெர்ஷ்மன், மான்ஃபில்ஸ், நீவ் உள்ளிட்டோர் இதே தர்க்கத்தைத் தலைகீழாகப் பிடித்தார்கள். மாற்றம் திடீரென்று வருவதால்தானே மூளை புதிய நிலையைத் திறக்கிறது? திடீர் என்று தோன்றாமல் செய்தால்? சில எலிகளுக்கு அதிர்ச்சியை ஒரேயடியாக நிறுத்தாமல், ஒலிக்குப் பிறகு வருவதை மெல்ல மெல்ல அரிதாக்கிக்கொண்டே போய் நிறுத்தினார்கள். அந்த எலிகளிடம் பயம் திரும்பவில்லை. வழக்கப்படி சட்டென்று நிறுத்தப்பட்ட எலிகளிடம் திரும்பியது.